அந்தா போகுதே, அது எந்த ஃப்ளைட்?

சாயங்காலம் மொட்டை மாடியில் காயப்போட்ட மோர் மிளகாயை எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா மகளும் கூடவே வருவாள். வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால் போதும், "மாமா, ராக்கெட் போகுது" என்று கத்துவாள். எங்கள் பக்கத்தில் கோடு இழுத்துக்கொண்டு போகும் எதற்கும் ராக்கெட் என்றுதான் பேர். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான். "ராக்கெட் இல்லடா, ஜெட் விமானம்" என்று திருத்துவது எளிது. "அப்ப அது எந்த ஊருக்குப் போகுது?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் மாமாவின் சாயம் வெளுக்கும்.

இன்றைக்கு அந்தக் கேள்விக்குக் கையில் இருக்கும் போனே பதில் சொல்லிவிடும். ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர், ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்று சில தளங்கள் இருக்கின்றன. திறந்தால் வரைபடம் முழுக்கக் குட்டிக் குட்டி விமானங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒன்றைத் தொட்டால் ஊர், பேர், உயரம், வேகம் எல்லாம் வரும். ஆனால் வரைபடத்தில் இருக்கும் விமானத்தையும் தலைக்கு மேல் போகும் விமானத்தையும் முடிச்சுப் போடுவது தனிக் கலை. அது கைவர எனக்கு ஒரு மாதம் ஆனது.

போனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? விமான நிலைய ரேடாரிலிருந்து யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்டிலைட் மேலேயிருந்து படம் பிடிக்கிறது என்பவர்களும் உண்டு. உண்மையில், விமானமே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறது.

எங்கள் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மினி பஸ் கண்டக்டரைப் பார்த்திருப்பீர்கள். யாரும் கேட்க வேண்டாம். படியில் நின்றபடி "பெரியார், பெரியார், பெரியார்" என்று அவர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பார். காதில் விழுகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம், ஏறாமலும் போகலாம். விமானத்தில் அந்தக் கண்டக்டர் வேலையைப் பார்ப்பது டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி. விமானம் முதலில் ஜிபிஎஸ் வைத்துத் தான் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்கிறது. பிறகு டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், "நான் இன்னார், இன்ன இடத்தில், இத்தனை அடி உயரத்தில், இந்த வேகத்தில், இந்தத் திசையில் போகிறேன்" என்று நான்கு திசைக்கும் சொல்கிறது. இருக்கும் இடத்தை மட்டும் நொடிக்குச் சுமார் இரண்டு முறை சொல்லும். இந்த முறைக்குத்தான் ஏடிஎஸ்-பி என்று பேர்.

பழைய ரேடார் வேறு வகை. யானைமலை அடிவாரத்தில் நின்று கூப்பாடு போட்டு எதிரொலியைக் கேட்பதுபோல, தரையிலிருந்து அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்து விமானம் எங்கே என்று கணக்குப் போடும். ஏடிஎஸ்-பியில் அந்தக் கூப்பாடு வேண்டியதில்லை. இந்தச் செய்தியில் பூட்டும் கிடையாது. பக்கத்தில் பறக்கும் மற்ற விமானங்களுக்கும் அது கேட்க வேண்டும் என்பதால் திறந்தேதான் இருக்கிறது. ஆகவே ஆண்டெனா வைத்திருக்கும் யாருக்கும் கேட்கும்.

கேட்பவர்கள் யார் என்றால், பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். டிவி பார்ப்பதற்காக வந்த பென்டிரைவ் அளவு ரிசீவர் ஒன்று, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கணினி, மாடியில் ஒரு சின்ன ஆண்டெனா. இவ்வளவு இருந்தால் போதும். அதில் விழும் செய்திகள் இணையம் வழியாக ஒரே இடத்துக்குப் போய், அங்கே வரைபடமாகின்றன. ஸ்வீடனில் விமானப் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் 2006இல் ஆரம்பித்ததுதான் இன்றைய ஃப்ளைட்ரேடார்24. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்துச் சாம்பல் பரவி, ஐரோப்பிய வானம் காலியானபோது உலகமே அந்தத் தளத்தை எட்டிப் பார்த்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்க சபாநாயகர் நான்சி பெலோசி தைவான் போன விமானத்தை 29 லட்சம் பேர் இதில் தொடர்ந்தார்கள். எரிமலைக்கும் அரசியலுக்கும் இருக்கும் மவுசு நம் மாடிக்கு மேல் போகும் விமானத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். இந்த அலை நேர்கோட்டில் போகும். விமானம் உயரத்தில் இருந்தால் 300, 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆண்டெனாவுக்கும் எட்டும். தாழப் பறந்தால் ஒரு மலை மறித்தாலே போதும், வரைபடத்திலிருந்து காணாமல் போய்விடும். அது பின்னால் உதவும்.

இப்போது ஒரு விமானத்தைத் தொடுங்கள். முதலில் குழப்புவது பேர்தான். டிக்கெட்டில் 6இ என்று ஆரம்பிக்கும் இண்டிகோ, வரைபடத்தில் ஐஜிஓ என்று ஆரம்பிக்கலாம். டிக்கெட்டுக்கு இரண்டெழுத்து, வான்வழிக் கட்டுப்பாட்டுக்கு மூன்றெழுத்து. ஏர் இந்தியாவுக்கு ஏஐ, ஏஐசி. ஸ்ரீலங்கனுக்கு யுஎல், ஏஎல்கே. எமிரேட்ஸுக்கு ஈகே, யுஏஈ. பைலட் ரேடியோவில் பேசும்போது இதுவும் மாறும். இண்டிகோ விமானம் தன்னை 'ஐஃப்ளை' என்று சொல்லிக்கொள்ளும்.

அடுத்து பதிவெண். வைகை எக்ஸ்பிரஸ் தினமும் அதே பேரில், அதே எண்ணில்தான் ஓடுகிறது. இழுக்கும் இன்ஜின் மட்டும் நாளுக்கு நாள் வேறாக இருக்கலாம். ஃப்ளைட் எண் என்பது ரயில் எண் மாதிரி, பதிவெண் என்பது இன்ஜின் எண் மாதிரி. நம் வண்டிகளுக்கு டிஎன் 58, 59, 64 போல விமானங்களுக்கு நாட்டு எழுத்து உண்டு. விடி என்று ஆரம்பித்தால் இந்தியா, 4ஆர் இலங்கை, 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா, ஏ6 ஐக்கிய அரபு அமீரகம், ஏ7 கத்தார், 8கியூ மாலத்தீவு. மதுரை வானத்தில் பார்ப்பதற்கு இவ்வளவு தெரிந்தால் தாராளம்.

உயரம் அடிக் கணக்கில் வரும், வேகம் 'நாட்' (knot) என்ற கணக்கில் வரும். ஆயிரம் அடி என்றால் சுமார் 300 மீட்டர். நாட் எண்ணை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் கழித்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 450 நாட் என்பது மணிக்கு 833 கிலோமீட்டர். உயரமும் வேகமும் மட்டுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 36,000 அடி, 450 நாட் என்றால் நம் ஊரில் இறங்கப்போவதில்லை, கடந்து போகிறது. 5,000 அடியில் இறங்குமுகம் என்றால் மதுரைக்குத்தான்.

சரி, முடிச்சுப் போடுவதற்கு வருவோம். நான் இருப்பது திருநகர். முதல் நாள் மாடியில் தெற்கே பார்த்து நின்றுகொண்டு போனைத் திறந்தேன். வரைபடத்தில் என் இடத்துக்கு இடது பக்கம் ஒரு விமானம். இடது கையை நீட்டி, "அந்தா வரும் பாரு" என்றேன். பத்து நிமிடம் கழுத்து வலித்ததுதான் மிச்சம். விமானம் எங்களுக்கு வலது பக்கமாகப் போய்விட்டது. வரைபடத்தில் மேலே எப்போதும் வடக்கு. தெற்கே பார்த்து நிற்பவனுக்கு மேற்கு வலது கைப்பக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம், எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து போனைத் திறந்ததும் அதன் மேல்விளிம்பை வடக்கே திருப்பிவிடுவேன். உங்கள் மாடியிலிருந்து தெரியும் மலையையோ கோபுரத்தையோ வைத்துத் திசையைப் பழகிக்கொள்ளுங்கள். எனக்குக் கிழக்கே திருப்பரங்குன்றம் மலை, அது போதும். போனை வானத்துக்குக் காட்டினால் விமானத்தின் பேரை மிதக்கவிடும் வசதியும் இருக்கிறது. கம்பி கட்டிய கைப்பிடிச் சுவர் பக்கத்தில் போன் திசைகாட்டி தடுமாறும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இரண்டாவது, வானத்தில் எவ்வளவு உயரத்தில் தேடுவது? இதற்குப் பள்ளிக் கணக்கே போதும். விமானம் 36,000 அடியில், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது என்று வையுங்கள். அது தரையில் உங்களிடமிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு மேலே என்றால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், 45 டிகிரியில் தெரியும். எனக்குத் திருமங்கலத்துக்கு மேலே போகும் விமானம் ஏறக்குறைய அப்படி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் பத்து டிகிரி. விருதுநகருக்கு மேலே போகும் விமானம் தெற்கு அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டிக்குள். திண்டுக்கல்லுக்கு மேலே போவது வடக்கே ஒரு முஷ்டி உயரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் இருபது கிலோமீட்டருக்குள் வருவதை மட்டும் தேடினால் ஏமாற்றம் குறையும்.

மூன்றாவது சத்தம். காது சொல்லும் இடத்தில் கண் தேடினால் விமானம் கிடைக்காது. 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சத்தம் கீழே வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் எட்டு கிலோமீட்டர் போய்விடும். தலைக்கு நேர் மேலே இரைச்சல் கேட்டால், அது போகும் திசையில் மூன்று நான்கு முஷ்டி முன்னால் பாருங்கள், இருக்கும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏர்பஸ் ஏ320யின் நீளம் சுமார் 37 மீட்டர். அந்த உயரத்தில் நேர் மேலே போனால், நீட்டிய கையில் பிடித்த கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். போயிங் 777-300இஆர் 74 மீட்டர், அது ஒரு சீரகச் சம்பா அரிசி. கடுகா அரிசியா என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், போனைத் திறப்பதற்கு முன்பே பாதி சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். முதலில் ஊகம், அப்புறம்தான் போன். முதலிலேயே போனைப் பார்த்துவிட்டால் பிள்ளை வானத்தைப் பார்ப்பதே இல்லை.

நம் தலைக்கு மேல் யார் போகிறார்கள்? அட்லஸை விரித்து ஸ்கேலை வையுங்கள். சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் கோடு போட்டால் அது மதுரைக்குச் சற்று மேற்கே, நாகமலைப் பக்கம் வந்து போகும். கொச்சியையும் சிங்கப்பூரையும் இணைத்தால் விருதுநகரை ஒட்டிப் போகும். மாலேயிலிருந்து சென்னைக்குப் போட்டால் உசிலம்பட்டிப் பக்கம். விமானங்கள் ஸ்கேல் வைத்துப் பறப்பதில்லை, தமக்கென்று வகுத்த வான்பாதையில் கொஞ்சம் வளைந்துதான் போகும். ஆனாலும் போகும் திசையைப் பார்த்ததும் "இது கேரளாவிலிருந்து கிழக்கே போகிறது" என்று சொல்ல இந்தக் கோடுகள் உதவும்.

வெள்ளைக் கோட்டைப் புகை என்கிறோம், அது புகை இல்லை. இன்ஜினிலிருந்து வரும் நீராவி, மைனஸ் 40 டிகிரி அளவுக் குளிரில் உடனே பனித்துகளாக உறைகிறது. மேலே காற்று ஈரமாக இருந்தால் கோடு நெடுநேரம் நிற்கும், வறண்டிருந்தால் விமானத்துக்குப் பின்னாலேயே கரைந்துவிடும். தாழப் பறக்கும் விமானத்துக்குக் கோடு விழாது. ஆகவே கோடு போட்டுக்கொண்டு போவது எதுவும் மதுரையில் இறங்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இறங்குகிற விமானங்கள்தான் உண்மையில் சுவாரசியம். மதுரை விமான நிலையத்துக்கு ஐஎக்ஸ்எம் என்று ஒரு குறியீடு, விஓஎம்டி என்று இன்னொன்று. மங்களூர் ஐஎக்ஸ்இ, போர்ட் பிளேர் ஐஎக்ஸ்இசட் என்று இந்த ஐஎக்ஸ் வரிசையில் நம் நாட்டு ஊர்கள் பல உண்டு. ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, அதன் எண்கள் 09, 27. இவை திசைகாட்டி டிகிரியில் கடைசி இலக்கத்தை வெட்டியவை. 09 என்றால் 90 டிகிரி, கிழக்கு நோக்கி. 27 என்றால் 270, மேற்கு நோக்கி. விமானம் எப்போதும் எதிர்காற்றில் இறங்கவும் ஏறவும்தான் விரும்பும். அம்மியே பறக்கும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும்போது, கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பியதும் தலைகீழ். கப்பலூர்ப் பக்கம் நான்குவழிச் சாலையைக் குறுக்கே தாண்டிக் கிழக்கு நோக்கி வரும். பஸ் ஜன்னலிலிருந்தே டயரைப் பார்க்கலாம். இறங்கும் சரிவு பொதுவாக 3 டிகிரி, கிலோமீட்டருக்கு ஐம்பது மீட்டர் இறக்கம் என்று கணக்கு. ஓடுபாதைக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும்.

இந்த உயரத்தில் வந்தால் உருவத்தை வைத்தே பிரிக்கலாம். இறக்கை முதுகுக்கு மேலே, இரண்டு பக்கமும் காற்றாடி, வால் உச்சியில் டி எழுத்துபோல் குறுக்குச் சட்டம் என்றால் அது ஏடிஆர் 72. அதன் இரைச்சலும் தனி, மாவு மில் ஓடுவதுபோல் ஒரு உறுமல். ஏர்பஸ் ஏ320யும் போயிங் 737யும்தான் குழப்பும். அடிவயிற்றைப் பாருங்கள். 737இல் சக்கரத்தை மடக்கிய பிறகும் மூடி கிடையாது, இரண்டு கருப்பு வட்டம் தெரியும். ஏ320க்கு மூடி உண்டு. 737இன் செங்குத்து வால் அடியில் ஒரு முக்கோண ஒட்டுபோலச் சாய்ந்து ஆரம்பிக்கும், ஏர்பஸில் அது நேராக எழும்பும். சுமாரான பைனாகுலர் இருந்தால் இதெல்லாம் தெரியும். விமான நிலைய மதில் ஓரம் போய்க் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள், தேவையில்லாத விசாரணை. மாடியே போதும்.

இரவில் விளக்கு. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. உங்களுக்கு வலது பக்கம் சிவப்பும் இடது பக்கம் பச்சையும் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. சிமிட்டாமல் ஒரே சீராக நகர்ந்து திடீரென மங்கி மறைந்தால் அது சாட்டிலைட்.

வானத்தில் இருக்கும் எல்லாம் வரைபடத்தில் இருக்காது. தஞ்சாவூரில் விமானப்படையின் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது, 2020 ஜனவரியில் வந்தது. கோவைப் பக்கம் சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள். இவை வானம் கிழிகிறமாதிரி போனாலும் போனில் பெரும்பாலும் வராது. கண்டக்டர் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டார் என்று அர்த்தம். இன்னொன்று, சில விமானங்கள் 7700 என்ற எண்ணோடு சிவப்பாக மின்னும். அவசரநிலை என்பதற்கான குறியீடு அது. 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். 7700 பார்த்ததும் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். பயணி ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்கூட அதைப் போடுவார்கள்.

வரைபடத்தில் இருப்பதும் எப்போதும் நிஜமில்லை. போன கார்த்திகையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மகன் துபாயிலிருந்து வந்தான். விமானம் கிளம்பியது தெரிந்ததும் பெரியம்மா மாடிக்கு வந்துவிட்டார். நடு அரபிக்கடலில் விமானப் படம் ஒரு மாதிரி தயங்கியது, உயரம் மாறவே இல்லை, கொஞ்ச நேரத்தில் படமே காணோம்.

"என்னப்பா, காணாமப் போச்சு?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

கடலில் ஆண்டெனா நட யாருக்கு இடம்? செய்தி நின்றுபோனால், கடைசியாகக் கேட்ட வேகத்தையும் திசையையும் வைத்து இந்நேரம் இங்கே இருக்கும் என்று தளமே ஊகித்து நகர்த்தும். ஊகமும் தீர்ந்தால் படத்தை எடுத்துவிடும். "ஒண்ணுமில்ல பெரியம்மா. கண்டக்டர் கத்திக்கிட்டுத்தான் இருக்காரு, கேக்குறதுக்குத்தான் அங்க ஆளில்ல" என்றேன். நம்பவில்லை. கேரளக் கரையை நெருங்கியதும் படம் மறுபடி வந்தது, ஊகித்த இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி. அதற்கப்புறம்தான் படியில் உட்கார்ந்தார்.

கம்பத்துப் பக்கம் மலையைத் தாண்டி, இறங்க ஆரம்பித்து, மேற்கே ஒரு சுற்றுத் திரும்பி, தெற்கு வானத்தில் வலமிருந்து இடமாக வந்தது. அடிவயிற்றில் இரண்டு கருப்பு வட்டம் இருந்த இடத்திலிருந்து சக்கரம் இறங்குவதை அக்கா மகள்தான் முதலில் பார்த்தாள். "737" என்றாள். போனைப் பார்த்தேன், சரிதான். பெரியம்மாவுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. விமானம் மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"குழம்பச் சுட வைக்கணும். பெட்டியெல்லாம் எடுத்துட்டு வெளிய வர எவ்வளவு நேரமாகும், பாத்துச் சொல்லு."

"அது இதுல வராது, பெரியம்மா."